கூரையில் யாருக்காக எழுதுகிறோம்?
வான்படத்துக்கான மறைகுறிகளும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும்

ஒரு கட்டடம் தான் எங்கே நிற்கிறது, தான் எது என்பதை வானிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரிவிப்பது? விமானம் பறக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. கூரையில் ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுது என்றார்கள் சிலர். எல்லா நாடும் ஒப்புக்கொண்ட சின்னத்தைத் தீட்டு என்றார்கள் வேறு சிலர். கூரையைத் தொடாதே, ஆள்கூற்றைப் பதிவேட்டில் வைத்துக்கொள் என்பது பின்னால் வந்த விடை. ஆளில்லா விமானங்களும் இயந்திரப் பார்வையும் மலிவான பிறகு நான்காவது விடை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது: மனிதக் கண்ணுக்குப் படாமல் இயந்திரம் மட்டும் வாசிக்கக்கூடிய இடக்குறியைக் கட்டடத்திலேயே பதித்துவிடுவது. ஓட்டு வரிசையின் நிற வேறுபாட்டிலோ, கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு வர்ணங்களிலோ அதை ஒளித்துவைக்கலாம்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை வைத்து இந்த விடைகளை எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. 1978 சூறாவளி, 2004 ஆழிப்பேரலை, 2011 வெள்ளம் என்று வானிலிருந்து பார்த்தே சேதத்தை அறிய வேண்டிய அனர்த்தங்களை இந்த மண் அடுத்தடுத்துக் கண்டிருக்கிறது. வானிலிருந்து பார்க்கப்படுவது உயிருக்கு ஆபத்து என்று இருந்த பல ஆண்டுகளையும் இதே மண் கண்டிருக்கிறது. உதவிக்காக அடையாளம் காட்ட வேண்டிய தேவையும், அடையாளம் காட்டுவதால் வரும் அச்சமும் ஒரே கூரையின் கீழ் வாழும் இடம் இது. இங்கே பொருந்தாத விடையை நல்ல விடை என்று சொல்வது கடினம்.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான். கட்டடத்தில் வைக்கப்படும் குறி அங்கே வாழ்பவருக்கும் ஊருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். காக்க வேண்டிய இரகசியம் ஏதும் இருந்தால் அது குறியை விளக்கும் பதிவேட்டில் இருக்கட்டும். குறியையே மறைப்பதால் கிடைப்பதாகச் சொல்லப்படும் நன்மைகளுள் பெரும்பாலானவை நுட்ப அளவிலேயே தேறவில்லை. தேறுபவையும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலைக்கு ஈடாகவில்லை.

எல்லோரும் காணும் குறிகள்

வெளிப்படையான குறிக்கு இப்பகுதியில் நீண்ட மரபு உண்டு. முகத்துவாரத்தை அண்டிய பாலமீன்மடுவில் 1913இல் எழுப்பப்பட்ட 28 மீற்றர் உயர வெளிச்சவீடு கடலிலிருந்து வருவோருக்கான குறி. கரையோரக் கோயில்களின் கோபுரங்களும் தனித்து நிற்கும் மரங்களும் மீனவருக்கு அதே பணியைச் செய்து வந்தன. கரையில் தெரியும் இரண்டு பொருள்கள் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தையும், வேறு இரண்டு ஒன்றும் இடத்தையும் சேர்த்துக் கடலில் தன் நிலையைக் கணிப்பது தமிழ்க் கடற்கரை எங்கும் உள்ள அறிவு. கோபுரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எந்தக் கோபுரத்தோடு எந்தப் பனை சேர்ந்தால் எந்தப் பார் கீழே கிடக்கிறது என்பது மட்டும் அந்தக் குடும்பத்துக்கோ அந்த வள்ளத்துக்கோ உரியது. குறி பொதுவுடைமையாகவும் வாசிப்பு காக்கப்பட்டதாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு தலைமுறைகள் தாண்டி நின்றிருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

நில அளவையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1800இல் நிறுவப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தீவு முழுவதற்குமான முக்கோண அளவையைத் தொடங்கியது. அதன் அடிக்கோடு ஒன்று நீர்கொழும்புப் பக்கத்தில் அளக்கப்பட்டது. மேற்குக் கரையில் பிறந்த பிழை கிழக்குக்கு வந்து சேரும்போது எவ்வளவாகப் பெருகியிருக்கிறது என்று பார்க்க இன்னொரு அடிக்கோடு மட்டக்களப்பில் அளக்கப்பட்டது. அந்தப் புள்ளிகள் மண்ணில் நாட்டப்பட்ட கற்கள். அவற்றை யாரும் காணலாம். அசைப்பது குற்றம் என்று சட்டம் சொன்னது. அளவைக் கல்லின் பாதுகாப்பு அதன் மறைவில் இருக்கவில்லை. ஊரார் எல்லோரும் அதை அறிந்திருந்ததால் ஒருவர் அதை இரகசியமாக நகர்த்த முடியாமல் இருந்தது.

கூரையில் எழுதும் வழக்கத்தின் பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. 1930களின் நடுவில் ஃபீபி ஓம்லி என்ற விமானியின் முன்னெடுப்பில், ஏறத்தாழ 15 மைலுக்கு ஒன்றாகக் களஞ்சியங்கள், தொழிற்சாலைகள், நிலையங்கள் ஆகியவற்றின் கூரைகளில் ஊர்ப்பெயரும் வடக்குத் திசையும் அருகிலுள்ள விமானத்தளத்துக்கான அம்புக்குறியும் தீட்டப்பட்டன. 1941 டிசம்பரில் போர் வந்தது. நண்பனுக்கு வழிகாட்டும் எழுத்து எதிரிக்கும் வழிகாட்டும் என்ற அச்சத்தில் கரையிலிருந்து 150 மைலுக்குள் இருந்த குறிகள் கறுப்படிக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றில் பலவற்றைத் திரும்பத் தீட்டும் பணியை பிளான்ச் நோயஸ் என்பவர் முன்னின்று நடத்தினார். வெளிப்படைக் குறியின் உண்மையான பலவீனம் இந்த நிகழ்வில் தெரிகிறது: யார் வாசிக்கலாம் என்று அது தேர்ந்தெடுப்பதில்லை. மறைகுறியை ஆதரிப்போரின் முதல் வாதமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் இதே நிகழ்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த குறி என்பதால், ஆபத்து வந்தபோது எது எங்கே இருக்கிறது என்று அறிந்து அதை அழிக்கவும் முடிந்தது. ஒளித்துவைத்த குறியை, அது இருப்பதே அறியாத வீட்டுக்காரர் எப்படி அழிப்பார்?

சின்னம் காப்பாற்றுமா?

போர்க்காலத்தில் குறி வைப்பதற்கு வேறொரு தருக்கம் உண்டு. தன்னைக் காட்டிக்கொள்வதே தற்காப்பு என்பது அது. 1864 ஜெனீவா உடன்படிக்கையில் தொடங்கும் சிவப்புச் சிலுவைச் சின்னத்தின் அடிப்படை இதுவே. மருத்துவமனைக் கூரையில் பெரிய சின்னத்தைத் தீட்டும்போது அது மறைவை முழுமையாகத் துறந்து, எதிரியின் சட்டக் கடப்பாட்டை நம்புகிறது. 1977ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறையின் முதல் இணைப்பு, 1993இல் திருத்தப்பட்ட வடிவில், நுட்பமான ஒரு விதியைத் தருகிறது: அகச்சிவப்புக் கருவிகள் சின்னத்தை இனங்காணும் பொருட்டு, சிவப்புப் பகுதியைக் கறுப்பு அடிப்பூச்சின் மேல் தீட்ட வேண்டும். மறைகுறி விவாதத்தில் பலரும் கவனிக்கத் தவறும் விடயம் இது. கறுப்பு அடிப்பூச்சு மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்கு மட்டும் தெரியும். அந்த அளவில் அதுவும் இயந்திரத்துக்கான மறைவான ஏற்பாடே. எனினும் அது எல்லோரும் காணும் சின்னத்தின் அடியில் கிடக்கிறது. கருவி வாசிப்பதும் கண் வாசிப்பதும் ஒரே செய்தியை. கண்ணுக்கு ஒன்றும் கருவிக்கு வேறொன்றும் அது சொல்வதில்லை. மறைவான அடுக்கு நியாயமாக இருக்கக்கூடிய வடிவம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான் என்று கருத இடமுண்டு. இலங்கை ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்ற நாடு. 2006இல் அதற்கென உள்நாட்டுச் சட்டமும் இயற்றியது. மேலதிக நெறிமுறைகளில் மட்டும் சேரவில்லை.

சின்னம் காப்பாற்றியதா என்ற கேள்விக்கு இந்நாட்டின் விடை வேதனையானது. வன்னியில் 2009இல் மருத்துவமனைகள் தாக்கப்பட்டதை ஆராய்ந்த ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு, அவற்றின் இருப்பிடம் அரசுக்கு நன்கு தெரிந்திருந்தும் அவை எறிகணைக்கு இலக்காயின என்று 2011இல் கூறியது. அரசு அதை மறுத்தது. வாகரைப் பகுதியிலும் 2006 நவம்பர் 8 அன்று இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை எறிகணைக்கு இலக்காகி நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் 2015 அக்டோபர் 3 அன்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை தாக்கப்பட்டு 42 பேர் இறந்த நிகழ்வில், மருத்துவமனையின் ஆள்கூறு அமெரிக்கப் படையின் தாக்கக்கூடாத இடங்களின் பட்டியலில் இருந்தது. முன்னதாகவே புறப்பட்டுவிட்ட விமானத்துக்குள் அந்தப் பட்டியல் ஏற்றப்பட்டிருக்கவில்லை. இந்த நிகழ்வுகளின் தன்மைகள் வேறுபட்டவை. ஒன்றை மற்றொன்றோடு சமப்படுத்திவிட முடியாது. அவை சேர்ந்து காட்டுவது ஒன்றே: இருப்பிடம் அறியப்படுவதற்கும் அது மதிக்கப்படுவதற்கும் இடையே உள்ள தூரத்தை எந்தக் குறியாலும் கடக்க முடியாது. அங்கே தேவைப்படுவது பொறுப்புக்கூறல்.

இதிலிருந்து, சின்னத்தால் பயனில்லை என்றால் மறைகுறியாவது வைப்போம் என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அது தவறான முடிவு. சின்னம் வெளிப்படையாக இருந்ததால்தான் பிறகு “தெரியாது” என்ற மறுப்பைச் சாட்சிகளால் கேள்விக்குட்படுத்த முடிந்தது. படங்களில் கூரை தெரிகிறது, கூரையில் சின்னம் தெரிகிறது. மறைகுறியைப் பார்த்தேனா இல்லையா என்பதை வாசித்த கருவியின் சொந்தக்காரர் மட்டுமே சொல்ல முடியும். சின்னம் உயிரைக் காக்கத் தவறிய இடத்திலும் உண்மையைக் காக்க உதவியது. மறைகுறிக்கு அந்தப் பயனும் இல்லை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2022இல் முன்வைத்த இலத்திரனியல் சின்னம் பற்றிய ஆலோசனையும் எதிரி உட்பட யாவரும் வாசிக்கக்கூடிய குறி என்ற கொள்கையிலிருந்து விலகவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மறைகுறியின் நுட்பப் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இந்த விவாதத்தில் நம்பிக்கைகளும் அச்சங்களும் கணக்கைவிட வேகமாக ஓடியிருக்கின்றன. பூமிப் பரப்பில் ஏதாவது ஒரு சதுர மீற்றரைத் தனித்துக் குறிப்பிட 49 பிட் தேவை. மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் மட்டும் என்றால், அதன் 2,854 சதுர கிலோமீற்றருக்கு 32 பிட் போதும். ரோபோ ஆய்வாளர்களிடையே பரவலாக உள்ள ஏப்ரில்டேக் என்ற சதுரக் குறியின் வழக்கமான வடிவம் ஆறுக்கு ஆறு கட்டங்களில் 36 பிட்டைத் தாங்கும். ஆனால் வாசிப்பில் தவறு நேராதிருக்க அதன் பெரும்பகுதி ஒதுக்கப்படுவதால் மிஞ்சுவது 587 வெவ்வேறு எண்கள் மட்டுமே. கடும் வெயிலிலும் சரிவான கூரையிலும் பிழையில்லாமல் வாசிக்க வேண்டுமானால் இந்த விரயம் தவிர்க்க முடியாதது.

இனி அளவு. 100 மீற்றர் உயரத்தில் பறக்கும் சாதாரண ஆளில்லா விமானத்தின் படத்தில் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். ஒரு கட்டத்துக்கு மூன்று பிக்சலாவது வேண்டுமென்றால் கட்டம் 9 சென்ரிமீற்றர் ஆகிறது. வெள்ளை விளிம்பு உட்பட ஏப்ரில்டேக் 90 சென்ரிமீற்றர் சதுரத்தில் அடங்கிவிடும். வீட்டுக் கூரைக்கு அது பெரிதல்ல. செய்மதிக்கு இதே கணக்கைப் போட்டால் கதை மாறுகிறது. விற்பனைக்குக் கிடைக்கும் மிக நுண்மையான செய்மதிப் படங்களின் பிக்சல் சுமார் 30 சென்ரிமீற்றர். 587 எண்கள் எல்லா வீடுகளுக்கும் போதாது; கூடுதல் எண்களைத் தாங்கும் கியூஆர் குறிகளில் மிகச் சிறியதற்கும் ஓரங்களைச் சேர்த்து பக்கத்துக்கு 29 கட்டங்கள் வேண்டும். அது 26 மீற்றர் அகலமாகிறது. காத்தான்குடியின் நெருக்கமான வீட்டு வரிசையில் அப்படியொரு கூரை எங்கே இருக்கிறது? ஆகவே செய்மதிகள் நம் வீட்டுக் கூரையில் ஒளிந்திருக்கும் குறியை வாசிக்கின்றன என்ற அச்சமும், செய்மதியிலிருந்தே எல்லா வீட்டையும் குறிவழி கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசையும் இன்றைய நிலையில் ஆதாரமற்றவை. பேச்சு ஆளில்லா விமானத்தைப் பற்றியது மட்டுமே. அது பறக்க சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு அந்தப் பறப்பு நாடு முழுவதும் சில காலம் நிறுத்தியே வைக்கப்பட்டது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் அன்று இலக்கானது. அதன் பின் இந்நகரத்தின் மேல் பறக்கும் கமரா எதுவும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும், அது நியாயமும் கூட.

மறைக்கும் வழிகள் புதியவை அல்ல. பச்சை இலை நம் கண்ணுக்கு மங்கலாகவும் அண்மை அகச்சிவப்பில் பளிச்சென்றும் தெரிவது வான்படக்காரர் நெடுநாளாக அறிந்தது. அதேபோல் கரி கலந்த கறுப்பு அகச்சிவப்பை விழுங்கும், சில சாயக் கறுப்புகள் விழுங்குவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பூசினால் கண்ணுக்கு ஒரே கறுப்பு, கருவிக்குக் கட்டங்கள். ஆனால் இந்த மறைவு மெல்லியது. சாதாரண இலக்கமுறைக் கமராவின் உணரி அகச்சிவப்பையும் காணக்கூடியது. முன்னால் இருக்கும் வடிகட்டிதான் அதைத் தடுக்கிறது. அதைக் கழற்றிய எவரும் குறியைக் காண்பார். ஆக, இம்மறைவு வசதியும் அறிவும் உள்ள எதிரியைத் தடுக்காது. அது தடுப்பது கமராவைப் பிரித்துப் பார்க்க வழியில்லாத வீட்டுக்காரரை மட்டுமே. மறைப்பின் உண்மையான விளைவு யார்மீது விழுகிறது என்பது இங்கே தெளிவாகிறது. வாவிக் கரையின் உப்புக்காற்றும் வடகீழ்ப் பருவ மழையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தகரம் துருப்பிடிக்கிறது, ஓட்டில் பாசி ஏறுகிறது, அஸ்பெஸ்ரோஸ் சீற் கறுத்துப்போகிறது. கிடுகுக் கூரையைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியே ஆக வேண்டும். நிறங்களின் நுட்பமான வேறுபாட்டை நம்பும் குறிக்கு இந்தக் காலநிலையில் ஆயுள் குறைவு. வெளிப்படைக் குறி அழிந்தால் யாராவது சொல்வார்கள். மறைகுறி அழிந்தது யாருக்கும் தெரியாது.

குறியே வேண்டாம் என்போர்

இவை எல்லாவற்றையும் பார்த்து, கட்டடத்தில் எதையும் வைக்கத் தேவையில்லை என்று சொல்பவர்களின் வாதம் வலுவானது. அதற்கு மட்டக்களப்பிலேயே சான்று இருக்கிறது. உலக வங்கியின் அனர்த்தக் குறைப்பு வசதியின் ஆதரவில் தெற்காசியாவில் நடந்த திறந்த நகரங்கள் திட்டத்தில் காத்மண்டு, டாக்காவோடு மட்டக்களப்பும் இடம்பெற்றது. மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் சுமார் 30,000 கட்டடங்கள் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் வரையப்பட்டன. மாடிகள் எத்தனை, சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பன களத்தில் நடந்து திரட்டப்பட்டன. ஒரு கூரையிலும் ஒரு புள்ளி வைக்கப்படவில்லை. இப்போது அந்த வேலையின் பாதியை இயந்திரமே செய்கிறது. கூகிளின் திறந்த கட்டடத் தரவுத்தொகுதி செய்மதிப் படத்திலிருந்து கட்டட உருவங்களைத் தானாகப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் இடக்குறியீடு தருகிறது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் 180 கோடி கட்டடங்கள் இருந்தன, தெற்காசியாவும் அதில் அடக்கம். இந்திய அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின், ஏறத்தாழ நான்கு மீற்றர்ச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்தெழுத்து முகவரி தருவது, இதே வழியில் இன்னொரு எட்டு.

மறைகுறிக் கொள்கை தடுமாறும் இடம் இதுதான். பறக்கும் கருவிக்குத் தன் இருப்பிடம் சில மீற்றர் துல்லியத்தில் முன்பே தெரியும். அது எடுத்த படத்தில் உள்ள கூரையின் இடமும் அதனால் தெரியும். 30,000 கட்டடங்களைப் பிரித்தறிய 15 பிட் போதும். அந்தப் 15 பிட்டில் அநேகமாக எல்லாவற்றையும் இருப்பிடமே கொடுத்துவிடுகிறது. கூரையில் ஆள்கூற்றை எழுதுவது ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்வது. ஆனால் பதிவேட்டு வழிக்கும் குறை உண்டு. குறி கூரையில் இருந்தால் வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறி அதை அழிக்கலாம். பதிவேட்டில் இருக்கும் தன் வீட்டை அவர் எங்கே போய் அழிப்பார்? களத்தில் நடந்து வரையப்பட்ட வரைபடத்தில் ஊர் மக்கள் திருத்தம் சொல்ல முடிந்தது. கணினி தானாக எடுத்ததில் அந்த உரையாடல் இல்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே உதவக்கூடும் என்றாலும், கூரையின் படம் எந்தக் கட்டத்தில் தனிப்பட்ட தரவாகிறது என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

வாவிக்கரையில் குறி தேவைப்படும் இடங்கள்

குறியே வேண்டாம் என்ற நிலைப்பாட்டை அப்படியே ஏற்கவும் முடியாது. 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி வான்பட அளவைக்கு ஒரு தொல்லை. ஒன்றோடொன்று மேற்பொருந்தும் படங்களில் ஒரே புள்ளியை மறுபடி மறுபடி இனங்கண்டுதான் கணினி நிலவடிவத்தைக் கட்டியெழுப்புகிறது. அசையும் நீரிலும் மினுங்கும் அலையிலும் அப்படி நிலையான புள்ளி கிடையாது. எழுவான்கரையின் ஒடுங்கிய மணல்மேட்டில் எடுத்த படங்களும் படுவான்கரையின் வயல்வெளியில் எடுத்த படங்களும் நடுவில் நீரால் பிரிந்து தனித்தனியே சாய்ந்துவிடக் கூடும். வெள்ளம் எந்த வளவு வரை ஏறும் என்று கணிக்க உயரம் சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் வேண்டும். இவ்வளவு தட்டையான நிலத்தில் அரை மீற்றர்ப் பிழை ஒரு கிராமத்தையே வெள்ளத்துக்கு உள்ளேயோ வெளியேயோ வைத்துவிடும். இதற்குத் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் தேவை. நீரின் குறுக்கே கிடக்கும் உறுதியான மனிதக் கட்டுமானங்கள் அதற்கு உகந்தவை. கல்லடி, பட்டிருப்புப் பாலங்களும் 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலமும் அப்படிப்பட்டவை. அங்கே வைக்கப்படும் குறிக்கு மறைவு எதற்கு? அது பொதுச் சொத்து. துல்லியமாக அளந்து, எண் எழுதி, ஆள்கூற்றை வெளியிட்டால் பல்கலைக்கழகமும் பிரதேச சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஒரே புள்ளியைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக அளந்து, பிறகு ஒன்றோடொன்று பொருந்தாத வரைபடங்களை விட்டுச்செல்லும் நிலைமைக்கு அது முடிவு கட்டும்.

வீடுகளைப் பொறுத்தவரை ஒரு கடினமான வழக்கு இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் திராய்மடு போன்ற இடங்களில் ஒரே வரைபடத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சூறாவளி வீசி மதில்களும் மரங்களும் வீழ்ந்த மறுநாள், எந்த வீட்டின் கூரை போனது என்பதில் குழப்பம் வரலாம். கூரைக்குறி வாசிக்கப்பட்டால் கூரை இருக்கிறது, வாசிக்கப்படாவிட்டால் போய்விட்டது என்று இயந்திரமே சேதப்பட்டியல் தரும் என்பது இங்கே சொல்லப்படும் வாதம். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் 1978 நவம்பர் 23இன் சூறாவளி இம்மாவட்டத்தில் கூரைகளையும் தென்னந்தோட்டங்களையும் என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள் இதன் ஓட்டையைக் காண்பார்கள். வாசிக்கப்படாததற்குப் பாசி, நிழல், விழுந்த தென்னோலை, மழைமேகம், பறப்பின் சாய்வு என்று பல காரணங்கள் இருக்கலாம். பறந்துபோன தகரம் பக்கத்து வளவில் குறி மேல்நோக்கிக் கிடந்தால் இல்லாத வீடு இருப்பதாகப் பதிவாகும். நிவாரணப் பட்டியலில் இந்தப் பிழைகள் ஏழை வீடுகள்மீதே அதிகம் விழும். பாசி படிந்த பழைய கூரை அவர்களுடையது. கிராம உத்தியோகத்தர் நேரில் போய்ப் பார்ப்பதற்குக் குறி துணையாகலாம். அவரது இடத்தை அது எடுத்துக்கொள்ள விடக்கூடாது.

சில ஆட்சேபங்கள்

மறைகுறியை ஆதரிப்போர் மூன்று விடயங்களை அழுத்திச் சொல்கிறார்கள். முதலாவது அழகும் தொன்மையும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் மதிலிலோ, கொக்கட்டிச்சோலை, மண்டூர்க் கோயில்களின் கூரையிலோ கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தீட்ட யாரும் சம்மதிக்கமாட்டார்கள், ஆகவே கண்ணுக்குத் தெரியாத வர்ணம் நல்லதல்லவா என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வர்ணமும் வர்ணம்தான். பழைய சுண்ணாம்புக்கும் கல்லுக்கும் அது என்ன செய்யும் என்பது காலம் கடந்தே தெரியும். அளவை நடக்கும் நாளில் பக்கத்துத் தரையில் ஒரு துணிக்குறியை விரித்து, முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போனால் தேவை தீர்ந்துவிடும்.

இரண்டாவது, போலிக்குறி. வெளிப்படையான குறியை எவரும் நகலெடுத்து வேறு கூரையில் ஒட்டலாம் என்பது உண்மை. இதற்கு விடை ஒளிப்பதல்ல, கையொப்பம். இன்றைய வழக்கமான இலத்திரனியல் கையொப்பம் 64 பைட். ஆள்கூற்றையும் சேர்த்து ஒரு நடுத்தரக் கியூஆர் குறிக்குள் அது அடங்கும். ஆளில்லா விமானத்துக்கு ஏறத்தாழ நான்கு மீற்றர்ச் சதுரம் போதும். பாடசாலைக் கூரையோ வைத்தியசாலைக் கூரையோ அதைத் தாங்கும். வேறிடத்துக்குக் கொண்டுபோய் ஒட்டினால் உள்ளே இருக்கும் ஆள்கூறே அதைக் காட்டிக்கொடுக்கும். குறியை அழிப்பதைக் கையொப்பம் தடுக்காது என்பது மெய்தான். மறைவும் அதைத் தடுப்பதில்லையே.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. வெளிப்படையான குறி ஒரு வீட்டை மற்ற வீட்டிலிருந்து பிரித்துக் காட்டும். இது உதவி பெற்ற வீடு, இது இடம்பெயர்ந்து வந்தவர் வீடு, இது தனித்து வாழும் பெண்ணின் வீடு என்று ஊரே படிக்கும். மறைகுறி அந்த அவமானத்தையும் ஆபத்தையும் தவிர்க்கும் என்கிறார்கள். அக்கறை உண்மையானது, தீர்வு தவறானது. அப்படிப்பட்ட செய்தியைக் கூரையில் எந்த வடிவிலும் எழுதவே கூடாது. குறி எண்ணை மட்டும் சுமக்கட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள குடும்பத்தின் விபரம் பிரதேச செயலகத்தின் பதிவேட்டில், கேட்டால் வீட்டுக்காரருக்குக் காட்டப்படும் நிலையில் இருக்கட்டும். வீடு வீடாகப் பதிவெடுத்தல் பாதுகாப்பு நடவடிக்கையின் ஓர் அங்கமாக இருந்த ஆண்டுகளை இம்மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் மறக்கவில்லை. வீட்டுக்காரர் அறியாமல் அவரது கூரையில் ஒரு எண் இருப்பது பிறகு ஒருநாள் வெளிப்பட்டால், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்டிருந்தாலும், அடுத்து வரும் எந்த அனர்த்த முன்னேற்பாட்டுக்கும் அந்த ஊர் கதவைத் திறக்காது. வெள்ள எச்சரிக்கையை மக்கள் நம்பி வெளியேறுவதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன. அந்த நம்பிக்கையைப் பணயம் வைத்துப் பெறும் துல்லியத்துக்கு மதிப்பில்லை.

தீராத கேள்விகள்

இவ்வளவுக்குப் பிறகும் சில கேள்விகளுக்கு உறுதியான விடை இல்லை. கறுப்பு அடிப்பூச்சைப் போல வெளிப்படைச் சின்னத்துக்குள் இயந்திரத்துக்கான இன்னொரு அடுக்கைச் சேர்த்து, இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லும்படி உறுதிசெய்வது நடைமுறையில் எப்படி என்பது ஒன்று. அதை யார் சோதிப்பது, சோதித்ததை ஊர் எப்படி அறிவது என்பவையும் அதோடு சேர்ந்தவை. கூரையின் உருவத்தையே அடையாளமாகக் கொள்ளும் கணினிப் பார்வை வளர்ந்தால் குறி பற்றிய விவாதமே பழையதாகி, வீட்டுக்காரரின் சம்மதம் என்ற கேள்வி கூரையிலிருந்து படத்துக்கு இடம்மாறும். அதற்கான சட்ட மொழி இன்னும் உருவாகவில்லை. பதிவேட்டைக் காப்பது யார் பொறுப்பு, ஆட்சியும் அதிகாரியும் மாறும்போது அது எந்தக் கைக்குப் போகும் என்பது எல்லாவற்றிலும் கடினமானது. வெளிப்படைக் குறியும் காக்கப்பட்ட பதிவேடும் என்ற இக்கட்டுரையின் நிலைப்பாடு அந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும் அளவுக்கே நிலைக்கும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. வாவியின் பாலங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் வெளிப்படையான கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நில அளவைத் திணைக்களம் நிறுவி அவற்றின் ஆள்கூறுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடலாம். வீட்டுக் கூரையில் குறி வைக்க நினைக்கும் எந்த நிறுவனமும், அரசாயினும் தொண்டு அமைப்பாயினும், முதலில் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அது என்ன, எதற்கு, யார் வாசிப்பார், வேண்டாமென்றால் எப்படி அழிப்பது என்று சொல்லி எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். சம்மதம் கிடைக்காத கூரையில் குறி வைக்கக்கூடாது.